நாலு வாட்டும் எண்பது வாட்டும்

என் தம்பி செல்வதுரையின் கல்லறையில் பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள் மட்டும் இருக்கின்றன. என்ன வேலை பார்த்தார் என்று கல் கொத்துகிறவர் கேட்டார். தேதிகள் மட்டும் போதும் என்றேன். கடைசி நாலு வருஷம் மல்லாங்கிணற்றில் சைக்கிள் ரிப்பேர் செய்தான். அதற்கு முன்னால் திருச்சுழியில் வயர்லெஸ் ஆப்பரேட்டராக இருந்தான். பதிவு நோட்டில் பொய் எழுதியதற்காக அந்த வேலையிலிருந்து நீக்கப்பட்டான் என்று சர்க்கார் காகிதம் சொல்கிறது. எழுதியது தவறு என்று அவனே கையெழுத்துப் போட்டும் கொடுத்திருக்கிறான். அவன் எழுதியது பொய் அல்ல.

எங்கள் அப்பா வேதமுத்து உபதேசியார். திருச்சுழியைச் சுற்றியுள்ள மானாவாரி ஊர்களில் ஜெபக்கூட்டம் நடத்தியே காலம் தள்ளியவர். அம்மா சீக்கிரம் போய்விட்டார். மிஷன் உதவியில் நான் பி.ஏ. வரை படித்து அருப்புக்கோட்டையில் டீச்சர் ஆனேன். செல்வதுரை என்னைவிட ஐந்து வயது இளையவன். பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு மதுரையில் ஒரு ரேடியோ கடையில் சேர்ந்தான். யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சிக்னல் பிரிவுக்குப் போனான். வடக்கே பயிற்சியில் கம்பத்திலிருந்து விழுந்து வலது கால் இரண்டு விரல் அளவு குட்டையாகிவிட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை தெரிந்த ஆள் கிடைக்காத காலம் என்பதால் இலாகா ஒன்று அவனைக் கூப்பிட்டுத் திருச்சுழியில் வைத்தது. அது 1943 தை மாதம்.

அந்த நிலையம் என்பது ஒரு வாடகை வீட்டின் மாடி அறை. கடற்கரைக் காவலிலிருந்து வருகிற செய்திகளை வாங்கி மதுரைக்கு அனுப்புவது வேலை. அறைக்குள் ஒரு அனுப்பும் பெட்டி, பேட்டரிகள், அதைச் சார்ஜ் செய்ய ஒரு சின்னப் பெட்ரோல் இன்ஜின். மொட்டை மாடியில் இருபது அடி உயரமுள்ள ஒரு இரும்புக் குழாய். அதுதான் ஏரியல். குழாயின் அடியிலிருந்து ஒரு தடித்த கம்பி சுவரோரமாக இறங்கித் தரையில் ஒரு குழிக்குள் போகும். அங்கே செப்புத் தகடு ஒன்றைப் புதைத்திருந்தார்கள். கூடமாட வேலைக்குப் பால்சாமி என்று ஒரு பியூன். ஐம்பது வயது இருக்கும்.

செல்வதுரை போன நாளிலிருந்தே ஒரு தொல்லை. மதுரைக்கு இவன் அனுப்புவது கேட்கவில்லை. ஒரே செய்தியை முப்பது தடவை அனுப்புவான். "கேட்கவில்லை, திரும்ப அனுப்பு" என்று பதில் வரும். இலாகாவுக்கு எழுதினான். "உமது பெட்டி ஐம்பது வாட் பெட்டி. ஐம்பது வாட் மதுரைக்குத் தாராளமாக எட்டும். கவனமாக வேலை செய்யவும்" என்று பதில் வந்தது. பெட்டியின் முகப்பில் ஒரு பித்தளைத் தகட்டில் ஐம்பது வாட் என்று பொறித்திருந்தது உண்மைதான்.

மாதம் ஒரு முறை பஸ்ஸைப் பிடித்து என்னைப் பார்க்க அருப்புக்கோட்டைக்கு வருவான். அப்போதுதான் எனக்கு இதையெல்லாம் சொன்னான். நான் படித்தது சரித்திரம். ஆனால் அவன் சொன்ன விதத்தில் அது புரியாமல் போக வழியில்லை.

"அம்பதுங்கிறது பெட்டி பேட்டரியில இருந்து வாங்குறது, அக்கா. அதுல இருபது பெட்டிக்குள்ளயே சூடாப் போயிரும். தொட்டுப் பாத்தாத் தெரியும், கை சுடும். மிச்சம் முப்பது குழாய்க்கு ஏறுது. குழாய்க்கு ஏறுனதெல்லாம் வானத்துக்குப் போகணும்னு சட்டம் இல்ல."

"வேற எங்க போகும்?"

"மண்ணுக்குள்ள. குழாய் குட்டை. குட்டைக் குழாய்க்குப் பூமிதான் மறுபாதி. பூமி ஈரமா இருந்தாச் சரி. நம்ம ஊரு கரிசல் பங்குனியில எப்படி வெடிச்சுக் கெடக்கு, கால் உள்ள போற மாதிரி. அதுல கரண்டு ஓட முடியாம மண்ணைச் சூடாக்கியே செத்துப்போகுது. முப்பதுல இருபத்தாறை இந்த ஊரு மண்ணு குடிச்சிருதுக்கா. வானத்துக்குப் போறது நாலு."

"நாலுன்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ வானத்துக்குப் போயா பாத்த?"

குழாயின் அடியில் ஒரு மீட்டர் இருக்கிறது என்றான். குழாயில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அது காட்டும். குழாயின் உயரத்துக்கும் அலையின் நீளத்துக்கும் தக்கபடி ஒரு எண் இருக்கிறது. கரண்டை அதே கரண்டால் பெருக்கி, அந்த எண்ணாலும் பெருக்கினால், வானத்துக்குப் போவது எத்தனை வாட் என்று வந்துவிடும். என் பள்ளிக்கூட நோட்டு ஒன்றின் பின்னட்டையில் கணக்கைப் போட்டுக் காட்டினான். நாலு வந்தது.

மண் ஈரமாக இருந்தால் சரி என்றானே, அதையும் செய்தான். திருச்சுழியில் அந்த வீடு இருந்த பகுதிக்கு செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் வண்டி வரும். வண்டி வந்ததும் பால்சாமி இரண்டு குடம் பிடித்துவந்து அந்தக் குழியில் ஊற்றுவார். செல்வதுரை மேலே ஒரு படி கல்லுப்பைத் தூவுவான். அன்று முழுவதும் மீட்டர் முள் நன்றாக ஏறி நிற்கும். வானத்துக்குப் போவது ஏழு வாட் ஆகும். மறுநாள் மாலைக்குள் மண் உறிஞ்சிவிடும். திரும்ப நாலு.

அந்தக் கோடை எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். ஊருணி காய்ந்து ஒன்றரை மைல் நடந்து ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு கொண்டிருந்தார்கள். வண்டித் தண்ணீருக்கு அடிதடி. எதிர்வீட்டு முத்துப்பேச்சி ஒருநாள் குழியின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"ஏ தம்பி, பச்சப் பிள்ளைக்கு நாக்கு நனைக்கத் தண்ணி இல்ல. நீரு இரும்புக்கு ஊத்துறீரு. உமக்கே இது நல்லா இருக்கா?"

"சர்க்காரு வேலை மதினி. நான் குடிக்கிற ரெண்டு குடத்தைத்தான் ஊத்துறேன். நான் குளிச்சு அஞ்சு நாளாச்சு."

"அதான் இங்கன வரைக்கும் அடிக்குதே. உப்ப வேற போடுறீரு. இரும்பு என்ன, முளைக்கவா போகுது?"

"காய்க்கும் மதினி. மதுரையில காய்க்கும்."

"காய்க்கட்டும். காய்ச்சு உம்ம தலையில விழட்டும்" என்று அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாளாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னான்.

பதிவு நோட்டு என்று ஒன்று உண்டு. எத்தனை மணிக்கு எந்தச் செய்தி போனது, வானிலை என்ன, யார் வேலையில் இருந்தது என்று அன்றன்று எழுத வேண்டும். அதில் "சக்தி" என்று ஒரு கட்டம். முன்பு இருந்த ஆப்பரேட்டர் பித்தளைத் தகட்டைப் பார்த்துத் தினமும் ஐம்பது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். செல்வதுரைக்கு அது பொறுக்கவில்லை. சக்தி என்றால் பெட்டி வாங்குவதா, குழாய்க்கு ஏறுவதா, வானத்துக்குப் போவதா என்று இலாகாவைக் கேட்டு எழுதினான். பதில் இல்லை. இரண்டாவது முறையும் எழுதினான். அதற்கும் இல்லை.

"வானத்துக்குப் போறதையே எழுதப்போறேன்" என்றான் என்னிடம். "நாலுன்னு பாத்தா எவனாவது ஒருத்தன் ஏன்டா நாலுன்னு கேப்பான்ல. அப்பச் சொல்லலாம், இந்தக் குழாய் உதவாதுன்னு."

எழுதினான். சித்திரை முழுவதும், வைகாசி முழுவதும். நாலு, ஏழு, நாலு, நாலு, ஏழு. யாரும் கேட்கவில்லை.

ஆனியில் அவன் காத்திருப்பதை விட்டுவிட்டான். வீட்டுக்குப் பின்னால் கண்மாய்க் கரையில் பனைகள் வரிசையாக நிற்கும். பனையேறி ஒருவரைப் பிடித்து, இரண்டு பனைகளுக்கு நடுவே கிழக்கு மேற்காக அறுபத்தைந்து அடிக்கு ஒரு செப்புக் கம்பியை உயரத்தில் கட்டினான். அதற்குத் தெற்கே இருபதடி தள்ளி இன்னும் இரண்டு பனைகளில் அதே மாதிரி மற்றொரு கம்பி, கொஞ்சம் நீளமாக. முதல் கம்பிக்கு மட்டும்தான் பெட்டியிலிருந்து இணைப்பு. பின்னால் இருந்தது எதிலும் சேராமல் சும்மா தொங்கியது. இந்த ஏரியலுக்குப் பூமி தேவையில்லை. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நின்றது. முதல் நாளே மதுரையிலிருந்து பதில் வந்தது. "மிக நன்றாகக் கேட்கிறது. புதுப் பெட்டி வந்துவிட்டதா?"

அவன் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எவ்வளவு நன்றாக என்று தெரிய வேண்டும் அவனுக்கு. ஒரு சின்ன மீட்டர் பெட்டியைத் தானே செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி இரண்டு மைல் தூரத்தில் எட்டுத் திசையிலும் போய் நிற்பான். கால் மணிக்கொரு தடவை பால்சாமி இங்கே ஒரு நிமிஷம், செய்தி தட்டுகிற சாவியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கே முள் எவ்வளவு ஏறுகிறது என்று இவன் குறித்துக்கொள்வான். ஒரு தடவை ஒற்றைக் கம்பியோடு, ஒரு தடவை இரண்டு கம்பியோடு. கடைசியில் ஒரு தாளில் நடுவில் திருச்சுழியைப் புள்ளி வைத்து, எட்டுத் திசை அளவுகளையும் கோடாகச் சேர்த்து வரைந்துகொண்டு வந்தான். அது வெற்றிலை மாதிரி இருந்தது. நுனி மதுரையைப் பார்த்து நின்றது.

"மதுரைப் பக்கம் எம்பது வாட்டு, அக்கா" என்றான்.

"முப்பதுதானே கம்பிக்கு ஏறுதுன்னு சொன்ன. எம்பது எங்கிருந்து வந்துச்சு? பொய்தானே?"

"பொய்யில்ல. ஆடு மேய்க்கிறவுக தூரத்துல இருக்கிறவனைக் கூப்பிடும்போது வாயைச் சுத்திக் கையைக் குவிப்பாகல்ல? தொண்டை அதேதான். பக்கத்துல, பின்னால போற சத்தத்தையும் சேத்து முன்னால தள்ளுறாக. பின்னால சும்மா தொங்குற கம்பிதான் அந்தக் கை. எதிர்ல நிக்கிறவனுக்கு ரெண்டு மடங்கு, மூணு மடங்கு கத்துன மாதிரி இருக்கும். பின்னால நிக்கிறவனுக்கு முனகுன மாதிரி இருக்கும். மொத்தத்துல முப்பது முப்பதுதான். ஆனா மதுரைக்காரன் காதுல போயி நின்னு பாத்தா, ஒத்தக் கம்பியில எம்பது வாட்டு ஏத்துனா எப்படிக் கேக்குமோ அப்படிக் கேக்குது. அதுக்குத்தான் எம்பதுன்னு பேரு."

"நோட்டுல என்ன எழுதுன?"

"எம்பதுன்னுதான். பக்கத்துலயே 'மதுரைத் திசையில்'னும் எழுதியிருக்கேன்."

ஐப்பசியில் நோட்டுகளை யாரோ மேலே பார்த்திருக்கிறார்கள். கடைசியில் ஒருவர் கேட்டுவிட்டார். ஆனால் வந்தது இன்ஜினியர் அல்ல. வீரபத்திரன் என்ற இன்ஸ்பெக்டர். ரேஷன் மண்ணெண்ணெய்க் கடைகளில் திடீர்ச் சோதனை போட்டுப் பெயர் வாங்கியவர். ஒரு கடையில் வந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு என்று பார்த்த மாத்திரத்தில் திருடனைப் பிடிப்பார் என்று சொல்லுவார்கள். யுத்த காலம், வயர்லெஸ், கடற்கரை என்பதால் அவரை அனுப்பியிருக்கிறார்கள். செல்வதுரை எனக்கு எழுதிய கடிதங்களையும் எடுத்து வரச் சொல்லி எனக்கும் ஆள் வந்தது. நான் திருச்சுழிக்குப் போனபோது விசாரணை தொடங்கியிருந்தது. மேஜைமேல் நோட்டுகள். அந்த வெற்றிலைத் தாள். தோண்டி எடுத்த செப்புத் தகடு, மண்ணோடு.

"ஒரு பீப்பாய்க்கு அம்பது காலன் வருது" என்றார் வீரபத்திரன். கோபமில்லை. பொறுமையாகத்தான் பேசினார். "நீ நாலு காலன் வித்ததா எழுதியிருக்கே. மிச்சம் நாப்பத்தாறு?"

"ஒழுகிப் போச்சுங்கய்யா. பாதி சூடாவும், மிச்சம் மண்ணுக்குள்ளயும்."

"எல்லாக் கடைக்காரனும் இதைத்தான் சொல்றான்." பக்கத்திலிருந்த கான்ஸ்டேபிள் சிரித்தார். "சரி. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஏழு. அந்த ரெண்டு நாள் மட்டும் ஏன் ஒழுகல? மத்த நாள்ல மூணு வாட்டை யாருக்குக் கொடுத்தே?"

"அந்த நாள்ல குழிக்குத் தண்ணி ஊத்துவேங்கய்யா. எதிர்வீட்டு மதினியக் கேளுங்க. அவுக பாத்திருக்காக."

முத்துப்பேச்சியைக் கூப்பிட்டார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"தண்ணி ஊத்துனது நெசம்தான். உப்புப் போட்டதும் நெசம்தான். எந்த மனுசன் கரண்டுக்குத் தண்ணி ஊத்துவான்? அந்தக் குழிக்குள்ள என்னத்தையோ பொதைச்சு வச்சு மறைச்சாருன்னுதான் நாங்க பேசிக்கிட்டோம். எம் பிள்ளைக நாக்கு வறண்டு கெடந்துச்சு. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"சரி, போ" என்றார் இன்ஸ்பெக்டர். நோட்டைப் புரட்டினார். "ஆடி மாசம். அதே அம்பது காலன் பீப்பாய். எம்பது காலன் வித்திருக்கே. நான் சோதனை போட்ட கடைகள்ல ரெண்டு விதம்தான் பாத்திருக்கேன். குறைச்சு வித்தவன் திருடியிருப்பான். கூட வித்தவன் இன்னொரு பீப்பாயை ஒளிச்சு வச்சிருப்பான். நீ ரெண்டையும் செஞ்சிருக்கே. இன்னொரு பெட்டி எங்க?"

"இன்னொரு பெட்டி இல்லைங்கய்யா. இது பீப்பாய்க் கணக்கே இல்ல. இங்க பாருங்க." செல்வதுரை எழுந்து வாயைச் சுற்றிக் கையைக் குவித்தான். "இப்பப் பேசுறேன். உங்களுக்குப் பெரிசாக் கேக்குதா? தொண்டை அதேதான். பின்னால போறதை முன்னால தள்ளுறேன்."

"நீ சும்மாப் பேசுனாலே எனக்குக் கேக்குது. கையை எடு." இன்ஸ்பெக்டர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். "பின்னால போறதைத் தடுத்திருக்கே. பின்னால யாருக்குக் கேக்கக் கூடாதுன்னு தடுத்தே?"

"பின்னால யாரும் இல்லைங்கய்யா. தெக்கதானே, கடல்தான் இருக்கு."

கான்ஸ்டேபிள் சிரிப்பதை நிறுத்தினார். அந்த வருஷம் கடல் என்றால் ஜப்பான்காரன். தான் சொன்னது அவர்கள் காதில் எப்படி விழுந்தது என்று செல்வதுரைக்குத் தெரியவில்லை. இன்னும் விளக்கலாம் என்று வாயைத் திறந்தான். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க பி.ஏ. படிச்சவுக. நான் படிக்காதவன். எனக்குத்தான் புரியலையோ என்னமோ. இந்த நாலும் எம்பதும் உங்களுக்குப் புரியுதா? புரியுதுன்னா சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் புரிகிறது என்றால் அதை எழுதிக்கொண்டிருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். அப்போது எனக்குத் தோன்றியது வேறு. புரிகிறது என்றால் எனக்கும் இதில் பங்கு உண்டு என்று ஆகும். கடிதங்கள் என் வீட்டில் இருந்தவை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை போதும், வேலை போய்விடும். அப்பா படுக்கையில் இருந்தார்.

"நான் படிச்சது சரித்திரம்" என்றேன்.

செல்வதுரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று மாலையே அவனை மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

பாதுகாப்புச் சட்டத்தில் விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். பதினோரு மாதம் வைத்தார்கள். மாதம் ஒரு முறை பார்க்க விட்டார்கள். முதல் இரண்டு தடவை கணக்கைப் பற்றியே பேசினான். மூன்றாம் தடவையிலிருந்து இருமல். நாலாம் தடவை போவதற்குள் அப்பா இறந்துபோனார். அதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் அவனுக்குச் சொன்னேன்.

1944 ஆவணியில் மேலிடத்திலிருந்து ஒருவர் திருச்சுழிக்கு வந்து பெட்டியைச் சோதித்தார். பித்தளைத் தகட்டைப் பார்த்தார். பேட்டரியிலிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று அளந்தார். ஐம்பது வாட் சரியாக இருக்கிறது, எதுவும் குறையவில்லை, வேறு பெட்டி எதுவும் அகப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தார். பனைமரத்தில் தொங்கிய கம்பிகளைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை. ஐம்பதும் அப்படியே இருந்ததால் குற்றம் இல்லை என்று ஆனது. விட்டுவிடலாம். ஒன்றே ஒன்று: நோட்டில் எழுதிய நாலு, ஏழு, எண்பது எல்லாம் தவறு, எல்லா நாளும் சக்தி ஐம்பதுதான், அறியாமல் எழுதிவிட்டேன் என்று அவன் கையெழுத்துப் போட வேண்டும்.

போடமாட்டேன் என்றான். இரண்டு தடவை காகிதம் திரும்பிப் போயிற்று. என்னைக் கூப்பிட்டு, நீங்களாவது சொல்லுங்கள் என்றார்கள். போனேன்.

"ஒரு நம்பருதானேடா" என்றேன்.

"ஒரு நம்பருன்னா அவுக விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. அவுகளுக்கு வேணுங்குது, பாரு."

"நீ இங்க செத்துப்போனா உன் நாலு வாட்டை யாரு பாக்கப்போறா?"

"அம்பதுன்னு எழுதிட்டா இனிமே எந்த ஊர்லயும் எதுவும் ஏன் கேக்கலன்னு யாரும் கேக்க மாட்டாக." இருமினான். முடிய நேரமாயிற்று. "ஒண்ணு செய்யட்டும். 'பெட்டி வாங்குவது ஐம்பது'ன்னு போடட்டும். அது நெசம். கையெழுத்துப் போடுறேன்."

நான் போய்க் கேட்டேன். காகிதம் டைப் அடித்து வந்துவிட்டது, இனி ஒரு வார்த்தை சேர்க்க முடியாது என்றார்கள். திரும்பி வந்து சொன்னேன். சொல்லிவிட்டு அழுதேன். அவனைக் கையெழுத்துப் போடவைக்க வேண்டும் என்றே அழுதேன். அவனுக்கும் அது தெரிந்திருக்கும். பேனாவைக் கொடு என்றான்.

வெளியே வந்த மறு வாரம் வேலை நீக்க உத்தரவு வந்தது. பொய்ப் பதிவு செய்ததாகத் தாமே ஒப்புக்கொண்டபடியால் என்று அதில் இருந்தது. திருச்சுழி நிலையம் யுத்தம் முடிகிற வரை நடந்தது. அவன் கட்டிய அந்த இரண்டு கம்பியில்தான் நடந்தது. குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். மதுரைக்கு நன்றாகக் கேட்டது. புது ஆப்பரேட்டர் தினமும் ஐம்பது என்று எழுதினார்.

மல்லாங்கிணற்றில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் செல்வதுரை ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டான். ரேடியோ வைத்திருந்த இரண்டு மூன்று வீடுகளில் அவனை ரேடியோவைத் தொட விடவில்லை. பேர் எப்படியோ முன்னாலேயே வந்துவிட்டது. வாட்டுத் திருடன். சைக்கிளுக்குக் காற்றடிக்க வருகிறவர்கள் கேட்பார்கள்.

"என்னய்யா செல்வதுரை, எத்தனை வாட்டு அடிச்சிருக்கே?"

"அம்பது."

"பின்சக்கரத்துக்கு?"

"அதுக்கும் அம்பதுதான்."

அவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான் என்று முதலில் எதிர்பார்த்தேன். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. மணி என்ன, மழை வருமா, காய்ச்சல் எவ்வளவு, யார் எதைக் கேட்டாலும் அம்பது என்றே சொல்லப் பழகிவிட்டான். பொன்ராஜ் என்ற பஸ் டிரைவர் மட்டும் அப்படிக் கேட்கிறவர்களை, "ஏலே, காத்தப் பிடிச்சமா போனமான்னு இருங்கலே" என்று விரட்டுவார்.

போன வருஷம் நான் ஒரு காரியம் செய்தேன். நான் படித்த கல்லூரியில் பௌதிகம் நடத்திய அம்மையாருக்கு, அவன் என் நோட்டில் எழுதிக் காட்டியிருந்த பின்னட்டைக் கணக்கையும் கம்பிகளின் அளவுகளையும் எட்டுத் திசை எண்களையும் நகல் எடுத்து அனுப்பினேன். அவர் இரண்டு பக்கம் பதில் எழுதினார். நாலும் ஏழும் அந்த மண்ணுக்கு நம்பத்தக்கவை. எண்பதும் சரி, ஒற்றைக் கம்பியோடு ஒப்பிட்டுச் சொல்லும் முறையில் சரி. சிலர் கம்பியோடு ஒப்பிடாமல், எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வீசும் ஒரு புள்ளியைக் கற்பனை செய்து அதோடு ஒப்பிடுவார்கள், அந்த முறையில் இதையே நூற்று முப்பத்தொரு வாட் என்று சொல்ல வேண்டும், எதோடு ஒப்பிட்டது என்று சொல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமில்லை, உங்கள் தம்பி அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார் என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு மல்லாங்கிணறு போனேன். டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தான். பிறகு இன்னொரு தடவை படித்தான்.

"நூத்தி முப்பத்தொண்ணு" என்றான். "அதை எழுதியிருந்தா இன்னொரு அம்பத்தோரு வாட்டுக்கும் பெட்டியத் தேடியிருப்பாக."

"இதை வச்சு இலாகாவுக்கு எழுதலாம்டா. அந்தக் காகிதத்தை ரத்து செய்யச் சொல்லலாம்."

"எந்த இலாகா? வெள்ளைக்காரனும் போயாச்சு." கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தான்.

நான் நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். "உன்னைக் கையெழுத்துப் போட வச்சது நான்தான். அந்தத் தப்பு என்னோடது."

"அது தப்பில்லக்கா. போடலைன்னா அங்கேயே செத்திருப்பேன். நீ எனக்காகத்தான் சொன்ன." ஒட்டுப் போட்ட இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். "அன்னைக்குத் திருச்சுழியில அவரு உன்னைக் கேட்டாருல்ல. நீ ஏன்க்கா சரித்திரம்னு சொன்ன?"

கையிலிருந்த கடிதத்தை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

"உனக்குப் புரிஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியும். நாலுன்னு எப்படித் தெரியும்னு நீதான் சரியாக் கேட்ட. ஊர்ல ஒரு ஆளுக்குப் புரிஞ்சிருக்குன்னு நெனச்சுத்தான் அந்தக் கம்பியவே கட்டுனேன்."

சொன்னதில் கோபம் எதுவும் இல்லை. பஸ் வந்து நின்றது. பொன்ராஜ் ஹாரன் அடித்தார். "நீ கிளம்புக்கா, இதை விட்டா ராத்திரிதான்" என்றான். ஏறினேன். அதுதான் அவன் என்னோடு கடைசியாக முழுதாகப் பேசியது. கார்த்திகையில் நுரையீரல் அடியோடு போய், பேச முடியாமல் பன்னிரண்டு நாள் கிடந்து இறந்தான்.

வீரபத்திரன் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. எங்கிருந்தாலும் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இது. ஐம்பது என்பது பெட்டி வாங்கியது. முப்பது கம்பிக்கு ஏறியது. குழாயிலிருந்து வானத்துக்குப் போனது காய்ந்த நாளில் நாலு, தண்ணீர் ஊற்றிய நாளில் ஏழு. பனைமரக் கம்பியிலிருந்து மதுரைத் திசையில், ஒற்றைக் கம்பியோடு ஒப்பிட்டால், எண்பது. எதுவும் திருடப்படவில்லை. வேறு பெட்டி இல்லை. எனக்கு அன்றே புரிந்திருந்தது.